வீட்டுக்கு ஒரு கொதிகலன்: தென் கொரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெப்பமூட்டலின் வரலாறு

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் உள்ள ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சிறிய கொதிகலனை வைத்துக்கொண்டு, வீட்டுத் தரையையும் குளியலுக்கான நீரையும் தானே சூடாக்கிக்கொள்ளும் முறை தனிவீட்டு வெப்பமூட்டல் எனப்படுகிறது. இம்முறை மிகப் பரவலாக வேரூன்றிய நாடுகளுள் ஒன்று தென் கொரியா. அந்நாட்டின் மொத்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அடுக்குமாடி வீடுகள். குளிர்காலத்தில் சியோல் நகரின் வெப்பநிலை சுழியத்துக்குப் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது உண்டு. ஆகவே வீட்டைச் சூடாக வைத்திருப்பது அங்கு வசதி அன்று, உயிர்த்தேவை.

ஆனால் அந்த வெப்பமே நெடுங்காலம் உயிரைப் பறிக்கவும் செய்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் நெருப்பைத் தன் கையில் வைத்திருக்க விரும்பியது. அந்த நெருப்பின் புகையோ உறங்கும் அறைக்குள் கசிந்தது. நெருப்பை வீட்டோடு வைத்துக்கொண்டு, அதன் புகையை மட்டும் படிப்படியாக அறையிலிருந்து பிரித்தெடுத்ததே கொரிய வீட்டு வெப்பமூட்டலின் வரலாறு.

மூன்று முறைகள்

கொரியாவில் வீடு வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் பரப்பளவு, தளம், திசை ஆகியவற்றோடு வெப்பமூட்டும் முறையையும் கேட்டறிவது வழக்கம். அங்கு மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது தனிவீட்டு முறை. கொதிகலன் வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் பின்பக்க வெராண்டாவில், சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டாவது மத்திய முறை. வளாகத்தின் அடித்தளத்திலோ தனிக் கட்டடத்திலோ உள்ள பெரிய கொதிகலனிலிருந்து எல்லா வீடுகளுக்கும் வெந்நீர் செல்லும். மூன்றாவது வட்டார முறை. மின்நிலையம் அல்லது கழிவு எரிப்பு நிலையத்தில் உண்டாகும் வெப்பம் நிலத்தடிக் குழாய்கள் வழியாக ஒரு நகர்ப்பகுதி முழுமைக்கும் அனுப்பப்படும்.

மூன்றிலும் கடைசியில் நடப்பது ஒன்றே. வெந்நீர் வீட்டுத் தரையின் அடியில் பதிக்கப்பட்ட குழாய்களில் சுற்றிவந்து தரையைச் சூடாக்குகிறது. தரையைச் சூடாக்கும் இவ்வழக்கம் அடுக்குமாடிகளைவிட மிகப் பழமையானது.

ஒண்டோல்: தரைக்கு அடியில் நெருப்பு

ஒண்டோல் என்பது கொரியாவின் மரபான தரை வெப்பமூட்டல். சமையலறை அடுப்பான அகுங்கி, படுக்கையறைத் தரையைவிடத் தாழ்வாக அமைக்கப்படும். அதில் விறகு எரியும்போது வெப்பமும் புகையும் தரைக்கு அடியிலுள்ள கற்கால்வாய்கள் வழியே சென்று, வீட்டின் மறுபுறம் உள்ள புகைபோக்கியில் வெளியேறும். கால்வாய்களின் மேல் பரப்பிய பாறைப் பலகைகள் சூடேறி, அடுப்பு அணைந்த பின்னும் பல மணி நேரம் வெப்பத்தைத் தக்கவைக்கும். பலகைகளின் மேல் களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஏற்றிய தாளை ஒட்டுவார்கள். ஒரே நெருப்பு சோற்றையும் சமைத்தது, அறையையும் சூடாக்கியது.

அடுப்புக்கு அருகில் உள்ள தரைப்பகுதி மிகவும் சூடாக இருக்கும். அதன் பெயர் அரேமோக். அடுப்பிலிருந்து தொலைவாக உள்ள குளிர்ந்த பகுதி உன்மோக். முதியவர்களும் விருந்தினரும் அரேமோக்கில் அமர்த்தப்பட்டனர். இரவில் தாமதமாக வரும் குடும்பத்தலைவருக்கான சோற்றுக் கிண்ணம் அங்கேயே மெத்தைப் போர்வைக்குள் வைக்கப்பட்டது. வீட்டின் வெப்பப் பரவல் குடும்பத்தின் மரியாதை வரிசையையும் காட்டியது. 2018-இல் தென் கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய அருவ மரபுச் செல்வமாக அறிவித்தது.

ஒண்டோலில் கவனிக்க வேண்டிய இடர் ஒன்று உண்டு. மக்கள் உறங்கும் தரைக்கு நேர் கீழே புகை ஓடுகிறது. தரையில் விரிசல் விழுந்தால் புகை அறைக்குள் வரும். விறகுப் புகை கண்ணை எரிக்கும், மூக்கில் ஏறும். ஆகவே கசிவு உடனே தெரிந்துவிடும்.

விறகிலிருந்து நிலக்கரிக்கு

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குப் பின் நாட்டின் மலைகள் பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தன. நகரங்களிலோ அகதிகளும் வேலை தேடி வந்தவர்களுமாக மக்கள்தொகை பெருகியது. காடுகளைக் காக்க அரசு நகரங்களுக்குள் விறகு கொண்டுவருவதைக் கட்டுப்படுத்தியது. விறகின் இடத்தை யொன்டான் பிடித்தது.

யொன்டான் என்பது நிலக்கரித் தூளை உருளை வடிவில் அழுத்திச் செய்த கட்டி. காற்று செல்வதற்காக அதில் மேலிருந்து கீழாகத் துளைகள் இடப்பட்டிருக்கும். 22 துளைகள் கொண்ட கட்டி வீடுகளில் பரவலாகப் பயன்பட்டது. அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. காங்வொன் மாநிலத்தின் தேபெக், ஜியோங்சியோன் முதலிய மலைப்பகுதிச் சுரங்கங்களில் வெட்டிய கரியே அதன் மூலப்பொருள்.

யொன்டான் மலிவானது, பல மணி நேரம் சீராக எரியக்கூடியது. எரிந்து முடியும் கட்டியின் மேல் புதிய கட்டியைத் துளைகள் நேராக அமையுமாறு வைத்தால் நெருப்பு தொடரும். தவறவிட்டால் அணைந்துவிடும். அதனால் பெண்கள் நள்ளிரவிலும் விடியலுக்கு முன்பும் எழுந்து கட்டி மாற்றுவது அன்றாட வேலையாயிற்று. எரிந்த கட்டியின் சாம்பல் பனி உறைந்த சரிவுத் தெருக்களில் வழுக்காமல் இருக்கத் தூவப்பட்டது.

மணமில்லாத வாயு

யொன்டானின் மெதுவான எரிதலே அதன் ஆபத்துக்கும் காரணம். காற்று போதாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இணைந்துவிடுகிறது. உடலுக்கு ஆக்சிஜன் கிடைப்பது குறைந்து, உறங்குபவர் விழிக்காமலே இறக்க நேரிடும்.

விறகுக்கு ஏற்ற தரையில் இப்போது கரி எரிந்தது. பழைய விரிசல்கள் வழியே வந்த வாயுவை யாராலும் உணர முடியவில்லை. 1960-கள், 1970-களின் குளிர்காலங்களில் ஒரே குடும்பத்தினர் பலர் ஒரே இரவில் இறந்த செய்திகள் நாளிதழ்களில் வழக்கமாயின. தப்பியவர்களுக்கு டொங்ச்சிமி எனப்படும் முள்ளங்கி ஊறுகாயின் குளிர்ந்த சாற்றைக் குடிக்கக் கொடுப்பது நாட்டு மருத்துவமாக இருந்தது. அதனால் நஞ்சு முறிவதில்லை. 1960-களின் இறுதியில் சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை அழுத்தமிகு ஆக்சிஜன் அறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. யொன்டான் நச்சுக்கு ஆளானவர்களின் பெருக்கமே அதற்குக் காரணம்.

மாப்போ: அடுக்குமாடியில் நெருப்பை எங்கே வைப்பது?

ஒண்டோல் தரைத்தள வீட்டுக்கு உரியது. அடுக்குமாடியில் ஒரு வீட்டின் தரை அடுத்த வீட்டின் கூரை. ஐந்தாம் தளத்தின் தரைக்கு அடியில் அடுப்பும் புகைக்கால்வாயும் எப்படி அமைப்பது? 1950-களின் இறுதியில் அடுக்குமாடிகள் கட்டத் தொடங்கியபோது கொரியப் பொறியாளர்கள் எதிர்கொண்ட முதன்மையான கேள்விகளுள் இது ஒன்று.

சியோலின் மாப்போ குடியிருப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1962-இல் நிறுவப்பட்ட கொரிய வீட்டுவசதிக் கழகம் கட்டிய இந்த வளாகத்தின் முதற்கட்டம் அதே ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்டது. நாட்டின் புதிய வாழ்க்கைமுறைக்குச் சின்னமாக அரசு இதை முன்னிறுத்தியது. அப்போது ஆட்சித் தலைவராக இருந்த பார்க் சுங்-ஹீ திறப்புவிழாவில் கலந்துகொண்டார். தொடக்கத் திட்டத்தில் பத்துத் தளங்களும் மின்தூக்கியும் மத்திய வெப்பமூட்டலும் இருந்தன. வறிய நாட்டுக்கு இது ஆடம்பரம் என்ற எதிர்ப்பும், மின்சார, எரிபொருள் பற்றாக்குறையும் திட்டத்தைச் சுருக்கின. கடைசியில் எழுந்தவை ஆறு தளக் கட்டடங்கள். மின்தூக்கி இல்லை. மத்திய வெப்பமூட்டலும் இல்லை. வீட்டுக்கு வீடு யொன்டான் கொதிகலன் வைக்கப்பட்டது.

இவ்வாறு கொரிய அடுக்குமாடியில் தனிவீட்டு முறை விருப்பத்தால் அன்று, பணமின்மையால் நுழைந்தது. கரிக்கட்டிகள் படியேறின, சாம்பல் படியிறங்கியது. அடுக்குமாடியில் குடியேறினால் கரிவாயு தாக்கும் என்ற அச்சமும் பரவியது. முதல் குளிர்காலத்தில் பல வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. பிறகு மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் இவ்வளாகம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயரமான புதிய குடியிருப்பு எழுந்தது.

மத்திய கொதிகலனின் காலம்

1970-ஐ ஒட்டி ஹான் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட ஹான்காங் மேன்ஷன் குடியிருப்பு வசதி படைத்தோரைக் குறிவைத்தது. அங்கு மத்திய வெப்பமூட்டலும் வெந்நீரும் வழங்கப்பட்டன. கரி சுமக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், நள்ளிரவில் எழ வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாக உறங்கும் இடத்தில் நெருப்பே இல்லை. ஆற்றின் தென்கரையில் 1970-களில் எழுந்த பெரிய வளாகங்களில் பல இம்முறையைப் பின்பற்றின. வளாகத்தின் நடுவே நிற்கும் உயர்ந்த புகைபோக்கி வசதியின் அடையாளமாயிற்று.

ஆனால் மத்திய முறைக்குத் தனக்கே உரிய குறைகள் இருந்தன. வெப்பம் எப்போது வரும் என்பதை நிருவாக அலுவலகம் தீர்மானித்தது. சில வீடுகளில் சன்னலைத் திறக்க வேண்டிய அளவு வெக்கை, வேறு சில வீடுகளில் குளிர். கட்டணம் பெரும்பாலும் வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பப் பகிரப்பட்டதால், பகல் முழுதும் வீட்டில் இல்லாதவரும் அதே தொகையைச் செலுத்தினார். 1973, 1979 ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் எண்ணெயில் இயங்கிய கொதிகலன்களின் செலவை ஏற்றின.

இதே காலத்தில் வட்டார முறையும் தோன்றியது. 1985-இல் சியோலின் மோக்டோங் புதிய குடியிருப்புப் பகுதிக்கு வட்டார வெப்பம் வழங்கப்பட்டது. பின்னர் தலைநகரைச் சூழ எழுந்த பூன்டாங், இல்சான் முதலிய புதுநகரங்களும் இம்முறையில் அமைந்தன.

புகைக்குப் பதிலாக நீர்

இதற்கிடையே தரைக்கு அடியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1970-களில் பரவிய எளிய யொன்டான் கொதிகலன்களில் கரி எரியும் அடுப்பைச் சுற்றி நீர் சூடாக்கப்பட்டது. அந்த வெந்நீர் தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடியது. புகைக்கால்வாயின் வேலையை நீர்க்குழாய் எடுத்துக்கொண்டது.

உறங்கும் தரைக்குக் கீழே புகை ஓடிய நிலை இதனால் மாறியது. தரை விரிந்தால் கசிவது நீர்தான். நெருப்பை அறைக்கு வெளியே, சமையலறையிலோ வெராண்டாவிலோ வைக்க முடிந்தது. எந்தத் தளத்திலும் இதை அமைக்கலாம் என்பதால் ஒண்டோல் உயர்ந்த கட்டடங்களிலும் ஏறியது. முதலில் உலோகக் குழாய்களும் பின்னர் நெகிழிக் குழாய்களும் சிமென்ட் கலவைக்குள் பதிக்கப்பட்டன. எந்த அறைக்கு எவ்வளவு வெந்நீர் போக வேண்டும் என்பதைத் திருகிச் சரிசெய்யும் பகிர்வுக் குழாயமைப்பு சமையலறைத் தொட்டியின் அடியில் இடம்பெற்றது.

குழாய்கள் தரை முழுதும் பரவியதால் அறை முழுதும் ஏறத்தாழ ஒரே சூட்டை அடைந்தது. அரேமோக், உன்மோக் என்ற வேறுபாடு மறைந்தது. முதியவருக்கென்று ஒதுக்கிய சூடான மூலை வழக்கத்திலிருந்து விலகிச் சொல்லாக மட்டும் எஞ்சியது.

எரிவாயுவின் வருகை

1983-இல் கொரிய எரிவாயுக் கழகம் நிறுவப்பட்டது. 1986-இல் இந்தோனேசியாவிலிருந்து திரவ இயற்கை எரிவாயு முதன்முறையாகப் பியோங்டேக் துறைமுக முனையத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு தலைநகர்ப் பகுதியின் வீடுகளுக்குக் குழாய் வழியே அது செல்லத் தொடங்கியது. 1988 ஒலிம்பிக் போட்டிகளை நடத்தவிருந்த சியோலின் கரிப்புகையைக் குறைப்பதும் அரசின் நோக்கங்களுள் ஒன்று.

சுவரில் மாட்டும் அளவுக்குச் சிறிய எரிவாயுக் கொதிகலன் இதனால் வீடுதோறும் சாத்தியமாயிற்று. ஒரே கருவி தரையையும் சூடாக்கியது, குழாயைத் திறந்த உடனே வெந்நீரையும் தந்தது. வாழ்வறைச் சுவரில் உள்ள சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்பநிலையை வைக்கலாம். வெந்நீர் மட்டும் வேண்டுமெனத் தேர்ந்தெடுக்கலாம். வெளியே செல்லும்போது குழாய்கள் உறையாத அளவுக்கு மட்டும் இயங்குமாறு விடலாம். 1990-களின் தொடக்கத்தில், ஊரில் தனியே வாழும் வயதான பெற்றோர் வீட்டுக்குக் கொதிகலன் பொருத்தித் தருவதைப் பற்றிய தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று நாடு முழுதும் பேசப்பட்டது. கொதிகலன் அப்போது மகனும் மருமகளும் செய்யும் கடமையாகவே பார்க்கப்பட்டது.

ஒரு காலத்தில் ஏழைமையின் அடையாளமாக இருந்த தனிவீட்டு முறை இப்போது விருப்பத் தேர்வாயிற்று. பழைய மத்திய முறை வளாகங்கள் பலவற்றில் குடியிருப்போர் கூடி ஒப்புதல் அளித்து, வீட்டுக்கு வீடு எரிவாயுக் கொதிகலனுக்கு மாறினர்.

இம்மாற்றத்துக்கு வேறோர் இடத்தில் விலை கொடுக்கப்பட்டது. யொன்டானுக்கான தேவை விழவே, 1989 முதல் அரசு இலாபமற்ற சுரங்கங்களை மூடும் கொள்கையைச் செயற்படுத்தியது. தலைநகரை நாற்பது ஆண்டுகள் சூடாக வைத்திருந்த காங்வொன் மலையூர்கள் சில ஆண்டுகளில் வேலையையும் மக்களையும் இழந்தன. 1995-இல் சுரங்கம் மூடிய பகுதிகளுக்கென ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஜியோங்சியோனில் கொரியக் குடிமக்கள் நுழையக்கூடிய ஒரே சூதாட்ட விடுதி 2000-இல் திறக்கப்பட்டது.

புகைக்குழாயின் வளர்ச்சி

எரிவாயு கரியைவிடத் தூய்மையாக எரியும். எனினும் காற்று போதாவிட்டால் அதுவும் கார்பன் மோனாக்சைடைத் தரும். ஆகவே கொதிகலனின் பாதுகாப்பு அதன் புகைக்குழாயில்தான் அடங்கியுள்ளது.

தொடக்கக் கொதிகலன்கள் அறைக்காற்றை எடுத்து எரித்தன. சூடான புகை தன் இலேசுத்தன்மையால் தானே மேலேறி வெளியேற வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் புகை திரும்பி வரும். அடுத்த வகையில் புகையை விசிறி வெளியே தள்ளியது. எரிவதற்கான காற்றோ இன்னும் அறையிலிருந்தே எடுக்கப்பட்டது. மூன்றாம் வகையில் எரிதலுக்கான காற்றும் வெளியிலிருந்தே வரும், புகையும் வெளியே போகும். எரியும் அறை வீட்டுக்காற்றிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டிருக்கும். தனிவீட்டு முறையைப் பாதுகாப்பானதாக்கிய படி இதுவே.

இதன்பின் வந்தது நீராவி ஒடுக்கக் கொதிகலன். புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அதில் வீணாகும் வெப்பத்தையும் இது மீட்கிறது. 1988-இலேயே கொரிய நிறுவனம் ஒன்று இவ்வகையை உருவாக்கியிருந்தாலும் விலை காரணமாகப் பரவலாகவில்லை. 2020 ஏப்ரல் முதல் காற்று மாசு மேலாண்மைப் பகுதிகளில் புதிதாகப் பொருத்தும் வீட்டுக் கொதிகலன்கள் இவ்வகையாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

கருவி முன்னேறினாலும் குழாய் இணைப்பு மனிதக் கையின் வேலையாகவே இருந்தது. 2018 திசம்பரில் கிழக்குக் கடற்கரை நகரான காங்னுங்கில் உள்ள ஒரு தங்கும் விடுதியில், கல்லூரி நுழைவுத் தேர்வை முடித்த பத்து மாணவர்கள் தங்கியிருந்தனர். கொதிகலனிலிருந்து புகைக்குழாய் கழன்றிருந்தது. மூவர் இறந்தனர், எழுவர் பாதிக்கப்பட்டனர். அங்கு வாயு எச்சரிக்கைக் கருவி இல்லை. இந்நிகழ்வுக்குப் பின் எரிவாயுக் கொதிகலன் புதிதாகப் பொருத்தும்போது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வைக்க வேண்டும் என்ற விதி 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் யொன்டான் வீடுகளில் இல்லாதிருந்த, வாயுவை உணரும் மூக்கு இப்போது சட்டப்படி வீட்டுக்குள் வந்தது.

கட்டணமும் கட்டுப்பாடும்

தனிவீட்டு முறையின் பெரும் ஈர்ப்பு, பயன்படுத்தியதற்கு மட்டும் பணம் செலுத்துவது. பொது வெப்பத்தைப் பகிரும் வளாகங்களில் இக்கேள்வி சண்டைகளுக்கே இட்டுச்சென்றது. 2014-இல் சியோலின் ஒரு வளாகத்தில் குளிர்காலத்திலும் சில வீடுகளின் வெப்பக் கட்டணம் சுழியமாகப் பதிவானதை அங்கு குடியிருந்த ஒரு நடிகை வெளிக்கொணர்ந்தார். அளவியின் நம்பகத்தன்மை அப்போது நாடளாவிய விவாதமாயிற்று.

ஆனால் தனிவீட்டுக் கொதிகலனின் உரிமையாளருக்கு வெப்பத்தின் அளவு மட்டுமே கட்டுப்பாட்டில் உள்ளது, விலை இல்லை. எரிவாயு இறக்குமதியாகிறது. உக்ரைன் போரை ஒட்டி உலகச் சந்தையில் விலை உயர்ந்தபோது, 2022–2023 குளிர்காலத்தில் கொரிய வீடுகளின் கட்டணம் திடீரெனக் கூடியது. அரசு வறிய குடும்பங்களுக்கான எரிபொருள் உதவியை உயர்த்தியது. பழுதுபார்ப்பும், கடுங்குளிரில் வெராண்டாக் குழாய் உறையாமல் காப்பதும் குடியிருப்போரின் பொறுப்பே.

இந்தியாவில் இதன் பொருத்தம்

இந்திய நகரங்களில் தரையைச் சூடாக்கும் தேவை பெரும்பாலும் இல்லை. எனினும் வெந்நீருக்காக வீட்டுக்கு வீடு ஒரு கருவி வைப்பது இங்கும் வழக்கம். மின்சாரக் கீசரில் எரிதல் இல்லை. எரிவாயுக் கீசரோ அது நிற்கும் அறையின் காற்றையே எடுத்து எரிகிறது. புகைக்குழாய் இல்லாத எரிவாயுக் கீசரைக் காற்றோட்டமற்ற குளியலறையில் வைப்பதால் கார்பன் மோனாக்சைடு தாக்கி இறப்போர் பற்றிய செய்திகள் குளிர்மாதங்களில் வருகின்றன. கொரியா தன் யொன்டான் காலத்தில் கற்ற பாடம் இங்கும் பொருந்தும்: எரியும் கருவியைக் குளியலறைக்கு வெளியே வைப்பதும், புகையைக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே விடுவதும் அடிப்படைத் தேவைகள்.

இன்றைய நிலை

தென் கொரியாவில் இன்று பெரிய புதுநகரங்களில் வட்டார முறையும், பிற இடங்களில் தனிவீட்டு எரிவாயு முறையும் மேலோங்கியுள்ளன. மத்திய முறை குறைந்துவிட்டது. யொன்டான் முற்றிலும் மறையவில்லை. எரிவாயுக் குழாய் செல்லாத மலைச்சரிவுக் குடியிருப்புகளில் வறிய முதியோர் சிலர் இன்றும் அதையே நம்பியுள்ளனர். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் தொடங்கும்போது தன்னார்வலர்கள் தெருவில் வரிசையாக நின்று, கரிக்கட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி அவ்வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கின்றனர். வாயுவைப் பற்றிய பழைய எச்சரிக்கை அவ்வீடுகளுக்கு இன்னும் பழையதாகிவிடவில்லை.